பெட்டியின் பின்பலகையில் ஒரு குளம்

மாசி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். முரசுமோட்டையில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரத்துத் தகரக் கொட்டிலின் வாசலில் நின்று பிரியந்தினி ஒரு கடைப் பலகைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். நெல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு யோகலிங்கத்தாரின் உழவு இயந்திரம் வந்தது. அது இழுத்துவந்த பெட்டிக்குப் பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் ஒரு கையை விட்டுக் கும்பிட்டார். உடனே தலையைத் தோள்வரை சாய்த்துப் பார்த்தார். பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டு வாயில் கை வைத்தார்.

இயந்திரம் கொட்டிலைத் தாண்டிய பிறகுதான் பிரியந்தினிக்கும் பெட்டியின் பின்பக்கம் தெரிந்தது. அவள் மூன்று கிழமை பாடுபட்டுக் கீறிய கண்ணகி அம்மன் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தாள். பாதம் மேலே, முடி கீழே. சிலம்பு ஏந்திய கை தார் வீதியைத் தொடப்போவதுபோல் தொங்கியது.

"மாமா! மாமோய்!" என்று கத்திக்கொண்டு தூரிகையும் கையுமாக ஓடினாள். இயந்திரச் சத்தத்தில் யோகலிங்கத்தாருக்கு என்ன கேட்கும்? திரும்பிப் பார்த்தார். பிள்ளை தன் படத்தைத் தானே பார்த்துச் சந்தோசப்படுகிறாள் என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். பரந்தன் சந்தி, கடைத்தெரு, பாடசாலை எல்லாம் தாண்டி அரிசி ஆலைவரைக்கும் அம்மன் அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

பிரியந்தினி ஆறு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளில் சோக்கட்டியால் மயிலும் மாங்காயும் கீறிக்கொண்டிருப்பாள். முன்பள்ளிச் சுவர், சலூன் பலகை, பஞ்சர்க் கடைப் பலகை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்ட இடமெல்லாம் போய்க் கீறினாள். போன ஐப்பசியில் ஒருநாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அன்றிரவு கணவன் கிருசாந்தனிடம் சொன்னாள்: "சித்திரை வரைக்கும் கீறிப் பாக்கிறன். சரிவரேல்லை எண்டால் வருசப்பிறப்புக்குப் பிறகு திரும்பிப் போறன்." அவன் வீடுகளுக்கு மின்சார வயர் இழுக்கிறவன். அதிகம் கதைக்க மாட்டான். அடுத்த நாளே நாலு தகரம் கொண்டுவந்து கொட்டிலைப் போட்டுக் கொடுத்தான்.

அவளுக்கு நல்ல காலத்தைக் கொண்டுவந்தது றம்சீன். பரந்தனில் இரும்பு ஒட்டு வேலைப் பட்டறை வைத்து உழவு இயந்திரங்களுக்குப் பெட்டி செய்கிறவன். வீடு முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் போய்விடுவான். வன்னியில் பெட்டி இல்லாமல் ஒன்றும் நடக்காது. நெல்லும் அதிலேதான், கலியாணத்துக்குக் கதிரை மேசைகளும் அதிலேதான், கோயிலுக்குச் சனம் போவதும் அதிலேதான். ஆனாலும் அந்தப் பெட்டிகளில் சொந்தக்காரரின் பெயரையும் இரண்டு தாமரைப் பூவையும் தவிர வேறொன்றும் இருக்காது. "நான் பெட்டியச் செய்யிறன், தங்கச்சி நீங்கள் அதைப் பேச வையுங்கோ" என்று றம்சீன்தான் யோகலிங்கத்தாரை அனுப்பிவைத்தான்.

வருடா வருடம் வைகாசியில் குடும்பத்தோடு பெட்டியில் ஏறி வற்றாப்பளைக் கண்ணகி கோயிலுக்குப் பொங்கப் போகிறவர் யோகலிங்கத்தார். அம்மன் படந்தான் வேண்டும் என்றார். பின்பலகையைக் கழற்றி வந்து கொட்டிலில் சாத்திவிட்டுப் போனார். பிரியந்தினி பார்த்துப் பார்த்துக் கீறினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை தலைமுழுகி வந்து கடைசியாக அம்மனுக்குக் கண் திறந்தாள். யோகலிங்கத்தாரின் மனைவி சிவனேஸ்வரி வந்து கற்பூரம் காட்டினார். படம் ஊரெல்லாம் கதையாகி, மேலும் நாலு பேர் பெட்டிக்குச் சொல்லி வைத்தார்கள். ஒருவருக்குப் பிள்ளையார், ஒருவருக்கு முருகன், ஒருவருக்கு மடு மாதா, ஒருவருக்கு இன்னும் முடிவில்லை.

இதில் ஒரு சங்கதியை எல்லோரும் மறந்துபோனார்கள். றம்சீன் செய்யும் பெட்டியின் பின்பலகைக்குக் கதவுபோலத் திறக்கப் பிணைச்சல் கிடையாது. யன்னலில் கண்ணாடி செருகுவதுபோல இரண்டு பக்கத்து இரும்புக் காடிகளுக்குள்ளும் மேலிருந்து இறக்குவதுதான். வயலில் வேலை செய்யும் பொடியள் அதை இழுத்தெடுத்துப் பெட்டியில் சாய்த்துவைத்து, அதன்மேல் மிதித்து மூட்டை ஏற்றுவார்கள். ஏற்றி முடிந்ததும் கைக்கு எந்தப் பக்கம் வாய்க்கிறதோ அந்தப் பக்கமாகச் செருகிவிட்டு அடுத்த வயலுக்கு ஓடுவார்கள். வெறும் பலகையாக இருந்தவரைக்கும் மேல் எது, கீழ் எது என்று யார் பார்த்தார்கள்? செருகிய பிறகு மூட்டைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆலையில் இறக்கும்வரை திருப்பவும் முடியாது.

பின்னேரம் மூன்று பேரும் கொட்டிலுக்கு வந்தார்கள். சிவனேஸ்வரி முன்னால், யோகலிங்கத்தார் பின்னால், அவருக்கும் பின்னால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு றம்சீன். தெற்கே இரணைமடுக் குளத்துப் பக்கம் மேகம் கறுத்திருந்தது.

"நான் நாப்பது வருசமா அந்தத் தாய்க்குப் பொங்கிறனான் பிள்ளை" என்றார் சிவனேஸ்வரி. "எங்கட மெசினிலயே அவாவத் தலைகீழா ஊர்வலம் விட்டிருக்கிறம். ஊரெல்லாம் நெல் வெளியில கிடக்கு. இண்டைக்கு மழை பெய்தால் ஆரைச் சொல்லுவினம்?"

"பொடியள் மாறிச் செருகினதுக்குப் பிள்ளை என்னப்பா செய்யும்?" என்றார் யோகலிங்கத்தார்.

"நீங்கள் கதையாதேங்கோ. பரந்தன் சந்தியில பொலிஸ்காரனும் மறிச்சுப் பின்பக்கத்தைக் காட்டினவனாம். அப்பகூட உங்களுக்கு விளங்கேல்லை."

"அவன் லைற் எரியேல்லை எண்டு சொல்லுறான் எண்டு நினைச்சன்."

றம்சீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டு, "ஒரு கொழுக்கி ஒட்டிவிட்டால் மாறிச் செருக ஏலாது மாமி. அஞ்சு நிமிச வேலை" என்றான்.

"ஒட்டுங்கோ தம்பி, ஒட்டுங்கோ. மூட்டை ஏத்தேக்க அந்தப் பலகையில மிதிச்சுத்தானே ஏறுறாங்கள்? அதுக்கு எங்க கொழுக்கி ஒட்டப்போறியள்?"

அதைக் கேட்டதும் பிரியந்தினிக்கு உள்ளங்கால் கூசியது. மிதிப்பதைப் பற்றி அவள் நினைத்தே பார்க்கவில்லை. கற்பூரம் காட்டியபோது சிவனேஸ்வரியும் நினைக்கவில்லை. கடைசியில் சிவனேஸ்வரியே தீர்ப்புச் சொன்னார். கண் திறந்த அம்மனை அழிக்கக்கூடாது, அந்தப் பலகை அவர்கள் வீட்டுச் சாமியறைக்குப் போகட்டும். பெட்டிக்கு றம்சீன் வேறு பலகை போடட்டும்.

"என்ர பெட்டிப் பலகை சாமியறைக்கோ?" என்று யோகலிங்கத்தார் முனகினார்.

"சாமி உங்கட பெட்டிக்கு வந்தவா தானே? இனி ஒரு படமும் வேண்டாம். வெறும் பலகை காணும், அதுவே போதும்."

வெறும் பலகை காணும் என்ற அந்தச் சொல் அவர்கள் போன பிறகும் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. அடுத்த நாளே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பிள்ளையார் கேட்டவர், "தங்கச்சி, பேரை மட்டும் எழுதினால் போதும்" என்றார். முருகன் கேட்டவர் அதையும் வேண்டாம் என்றார். பெயர் எழுதுவது ஒரு மணி நேர வேலை. அதை நம்பிக் கொட்டில் நடத்த முடியாது. பெட்டிப் படங்கள் இல்லையென்றால் சித்திரைக்குப் பிறகு அவள் இருக்கப்போகும் இடம் தையல் மெசின்தான். மழை மட்டும் பெய்யவில்லை. மேகம் பேசாமல் மன்னார்ப் பக்கம் போய்விட்டது.

"சித்திரைக்கு இன்னும் ஏழு கிழமை கிடக்கு" என்றான் கிருசாந்தன். சிறிது நேரம் கழித்து, "அம்மனுக்குத்தான் பாவம், ஆலை வரைக்கும் தலைச்சுத்தோட போயிருக்கிறா" என்றான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் தேத்தண்ணி போட எழுந்துவிட்டான்.

சனிக்கிழமை அவள் அக்கராயனில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனாள். இரவு முழுக்கத் தாயிடம் புலம்பினாள். படம் பிழையாகப் போனது ஒரு கவலை, அது பிழையாகப் போகும் என்று தனக்குத் தோன்றாமல் போனது அதைவிடப் பெரிய கவலை. பெட்டியைப் படமாக மட்டும் பார்த்திருக்கிறேன், பெட்டியாகப் பார்க்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தாய் நல்ல நித்திரைக்காரி. விடிய எழும்பி, "இன்னும் அதையே கதைக்கிறியோ? போய்க் குளத்தில முழுகிட்டு வா" என்று சவர்க்காரப் பெட்டியைக் கையில் வைத்தாள்.

மாரியில் பெய்த காலபோக மழைக்கு நிரம்பிய அக்கராயன் குளம் மாசியிலும் தளும்பிக்கொண்டிருந்தது. காற்று இன்னும் எழும்பவில்லை. அக்கரை மருதமரங்கள் ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தன. பிரியந்தினி முழுகிக் கரையேறி, முன்னுக்குக் குனிந்து, நீள முடியை முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிழிந்தாள். அப்படியே கால்களுக்கிடையில் பின்பக்கம் பார்வை போனது.

குளம் தலைகீழாக இருந்தது. ஆனால் அது தலைகீழாக இல்லை.

மேலே மரம், கீழே மரம். மேலே வானம், கீழே வானம். நடுவில் ஒரு கொக்கு. அதன் காலோடு கால் ஒட்டி இன்னொரு கொக்கு. நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். அதேதான். மறுபடி குனிந்து பார்த்தாள். அதேதான். நாலு தரம் குனிந்து நிமிர்ந்திருப்பாள். பக்கத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பெண், "என்ன தங்கச்சி, காதுக்க தண்ணி போட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா" என்றாள் பிரியந்தினி, ஈரத் தலையோடு வீட்டுக்கு ஓடியபடி.

றம்சீனிடம் அதே அளவில் ஒரு பலகை வாங்கிக்கொண்டாள். நினைத்ததுபோல வேலை சுலபமாக இருக்கவில்லை. முதலில் கண்ணில் கண்டபடியே நிழலைக் கொஞ்சம் கறுப்பாகக் கீறினாள். கிருசாந்தன் பலகையைத் தூக்கிக் கவிழ்த்துப் பிடித்தான். "இப்ப குளம் வானத்தில நிக்குது. ஆரோ ஊத்தப்போறாங்கள் போல கிடக்கு" என்றான். எல்லாவற்றையும் தின்னர் போட்டுத் துடைத்தாள். அவன் தன் வயர் வேலைக்கு வைத்திருந்த நீல நூலைப் பலகையின் நட்டநடுவில் இழுத்துப் பிடித்து அடையாளம் போட்டுக் கொடுத்தான். நூலுக்கு மேலே ஒரு இலை வைத்தால் கீழே ஒரு இலை, அதே பச்சையில். மேலே ஒரு மேகம் என்றால் கீழேயும் அதே வெள்ளையில். உண்மையான குளம் அப்படி இருக்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். நாளில் ஒரு சில நிமிடம் இருக்கிறது, அதை அவள் கண்டாள், அது போதும் என்று வேலையைத் தொடர்ந்தாள். எட்டு நாளில் முடிந்தது.

யோகலிங்கத்தாருக்குக் கீழ்வயல் வெட்டு மிச்சம் இருந்தது. பலகையை ஸ்கூட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு நேராக வயலுக்குப் போனாள். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் கிடக்கு. மாமியட்டக் கேக்காம நான் வாயைத் திறக்க மாட்டன்" என்றார். மாமி பொடியளுக்குத் தேத்தண்ணி கொண்டு வரும்வரை எல்லோரும் வயல் வரம்பில் இருந்தார்கள்.

சிவனேஸ்வரி தேத்தண்ணி வாளியை இறக்கி வைத்தார். பொடியள் அந்தப் பலகையைப் பெட்டியில் செருகிக் காட்டினார்கள்.

"இப்ப இது நேரோ, தலைகீழோ?"

"நீங்கள் சொல்லுங்கோ மாமி" என்றாள் பிரியந்தினி.

சிவனேஸ்வரி கிட்டப் போனார். தள்ளி நின்றார். குந்தியிருந்து கொக்கைப் பார்த்தார். "கழட்டி மற்றப் பக்கம் செருகுங்கோ" என்றார். செருகினார்கள். "திரும்பவும் மாத்துங்கோ" என்றார்.

"அம்மா, நாங்கள் மூட்டை ஏத்திறதோ, பலகை சுத்திறதோ?" என்றான் ஒருவன்.

"பொறடா. இந்தக் கொக்கு முதல் அந்தப் பக்கமெல்லோ நிண்டது?"

"பறந்து வந்திருக்கும்" என்றார் யோகலிங்கத்தார்.

அவருக்கு ஒரு முறைப்புக் கிடைத்தது. பிறகு பொடியள் வழக்கம்போலப் பலகையை இழுத்துச் சாய்த்து அதில் மிதித்து மூட்டை ஏற்றத் தொடங்கினார்கள். முதல் பாதம் தண்ணீரின்மேல் விழுந்தபோது பிரியந்தினி சிவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள்.

"குளம்தானே" என்றார். "கால் வைக்காமல் குளத்தில எப்பிடி முழுகிறது?"

வரம்பில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிரியந்தினிக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் முட்டியது. பொடியள் மூட்டை ஏற்றி முடித்து, மேல் கீழ் பார்க்காமல் பலகையைச் செருகினார்கள். நேரோ, தலைகீழோ என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. இயந்திரம் கிளம்பும் நேரத்தில்தான் சிவனேஸ்வரி கேட்டார்.

"அது சரி, இது எந்தக் குளம்?"

"அக்கராயன், மாமி."

"அக்கராயனோ!" சிவனேஸ்வரி இடுப்பில் கை வைத்தார். "நாங்கள் இரணைமடுத் தண்ணியில விதைச்சு வெட்டிறம். அக்கராயன் குளத்தை என்னத்துக்கு எங்கட பெட்டியில காவித் திரியிறது? நாளைக்கு அங்கத்தைய ஆக்கள் வந்து தங்கட தண்ணி எண்டு கேக்க மாட்டினமோ?"

இம்முறை யோகலிங்கத்தாரும் மனைவியின் பக்கம். "அது நியாயமான கதை பிள்ளை. எங்கட குளத்தைக் கீறு. தண்ணி திறக்கிற துருசையும் மறக்காமல் போடு" என்றார்.

இப்படித்தான் பிரியந்தினி குளம் பார்க்கத் தொடங்கினாள். இரணைமடு பெரிய குளம். விடிந்து அரை மணி நேரத்தில் காற்று எழும்பி நிழலைக் கலைத்துவிடும். ஐந்தாவது நாள்தான் ஒரு நல்ல நிமிடம் கிடைத்தது. கீறிக் கொடுத்ததும் யோகலிங்கத்தார் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, துருசு பக்கம் மாறிவிட்டதே என்றார். "அக்கரையில நிண்டு பாத்தால் அந்தப் பக்கம்தானே மாமா?" என்றாள். அவர் வாழ்நாளில் அக்கரைக்குப் போனதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

அக்கராயன் பலகையை அக்கராயன்காரர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். பிள்ளையார் கேட்டவர் புதுமுறிப்புக் குளம் கேட்டார். வவுனிக்குளத்திலிருந்து ஒருவர், தங்கள் குளத்துக்கு நிகர் இல்லையென்று தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினார். கல்மடுக்காரர் ஒருவர் குளக்கட்டில் தன் தகப்பன் நட்ட மரம் கட்டாயம் தெரிய வேண்டும் என்று படமெடுத்து அனுப்பினார். ஆலை வாசலில் பெட்டிகள் வரிசையாக நிற்கும்போது பின்னால் வரும் வாகனக்காரர்கள் இறங்கிப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள், இந்தக் குளத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். கேட்டால் போதும், பெட்டிக்காரர்கள் ஆளை விடமாட்டார்கள். தாமரை எந்த மாதம் பூக்கும், எந்தச் சந்தியில் நல்ல தயிர் வாங்கலாம், எந்தக் குளக்கட்டில் யானை வரும், எத்தனை மணிக்குப் போகக்கூடாது என்று எல்லாம் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

பங்குனிக் கடைசியில் முத்தையன்கட்டுக் குளத்துக்கு ஒரு வேலை வந்தது. தூரம் என்றபடியால் முதல்நாளே கிருசாந்தனோடு தண்ணீரூற்றுக்குப் போய் றம்சீன் வீட்டில் தங்கினாள். றம்சீனின் மனைவி ஸஹீலா வாசலில் இடியப்பக் கடை நடத்துகிறவள். விடிய நாலரைக்கே அவள் அடுப்பில் முதல் தட்டு அவிந்திருந்தது. மீன் சொதியோடு ஒரு பார்சலைக் கட்டி, "குளத்தைப் பாத்துக்கொண்டு சாப்பிட மறந்துபோடாதங்கோ. எங்கட மனிசன் பெட்டியப் பாத்துக்கொண்டு மறக்கிற மாதிரி" என்று ஸ்கூட்டியில் வைத்தாள்.

முத்தையன்கட்டில் அன்று காற்று விடவில்லை. ஏழு மணியாகியும் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டே நின்றது. கிருசாந்தன் இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்துக் குளக்கட்டில் சாய்ந்துவிட்டான். தொலைபேசி அடித்தது. ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு மேற்பார்வையாளராக இருந்த சுமித்திரா.

"பிரியந்தினி, வருசப்பிறப்புக்குப் பிறகு புது லைன் ஒண்டு துவங்குது. உம்மட பேரைத்தான் முதல்ல போட்டிருக்கிறன். வாறீர்தானே?"

சுமித்திரா நல்ல மனுசி. மாதம் முடிந்தால் சம்பளம், காய்ச்சல் என்றால் லீவு, மழை வந்தால் தலைக்கு மேலே கூரை. இங்கே ஒரு காற்று ஒரு நாளையே தின்றுவிடுகிறது. அடுத்த வருடம் சனம் குளம் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. குளக்கட்டில் கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறக்காமலே, "உன்ர விருப்பம்தான்" என்றான்.

"இல்லை மிஸ். குறை நினையாதேங்கோ. நான் வரேல்லை."

"யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"ஓம் மிஸ். சித்திரை வரைக்கும் யோசிக்கிறன் எண்டனான். முந்தியே முடிஞ்சுது."

"சரி, இப்ப எங்க நிக்கிறீர்? ஒரே காத்துச் சத்தமாக் கிடக்கு."

"முத்தையன்கட்டில, குளக்கட்டில நிக்கிறன்."

"காலங்காத்தால அங்க என்ன செய்யிறீர்?"

"காத்து நிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன் மிஸ்."

மறுமுனையில் சுமித்திரா வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல வேலைதான். எங்கட மனிசனும் உழவு மெசின் வச்சிருக்கிறார் பிரியந்தினி. நாங்கள் கனகாம்பிகைக்குளம். எங்கடையும் பெட்டிதான். அதுக்கு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. அக்கரை மரங்களின் கீழிருந்து சிலிர்ப்பு மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. முதலில் ஒரு மரம் தண்ணீருக்குள் நின்றது. பிறகு அடுத்தது.

"மிஸ், பிறகு எடுக்கிறன். வையுங்கோ, வையுங்கோ" என்றபடி பிரியந்தினி பென்சிலைத் தேடினாள்.